எழுத்தர் இல்லாப் பேரேடு: பிளாக்செயின் மென்பொருளின் அறவியல் குறித்து

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதுமன்று. அது கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அதனை 'ஆயத்துத் தைன்' என்று விரிவுரையாளர்கள் குறிப்பர். தவணை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்வோர் அதனை எழுதிக்கொள்ள வேண்டும், எழுத்தர் இருதரப்புக்கும் நடுவே நீதி தவறாது எழுத வேண்டும், எழுதத் தெரிந்தவர் மறுக்கலாகாது, வாசகத்தைக் கடன்பட்டவரே சொல்ல வேண்டும், அவர் விவரமற்றவராகவோ பலவீனராகவோ சொல்ல இயலாதவராகவோ இருப்பின் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்று அவ்வசனம் விரிந்து செல்கிறது. அதற்கடுத்த வசனமோ, எழுத்தர் கிடைக்காத பயணத்தில் அடைமானம் பெறுவதைப் பற்றிக் கூறிவிட்டு, ஒருவரையொருவர் நம்பிய இடத்தில் நம்பப்பட்டவர் தம் அமானிதத்தை நிறைவேற்ற வேண்டும் என்று பணித்து, இறையச்சத்தை நினைவூட்டுகிறது. எழுத்தும் சாட்சியும் அடைமானமும் அமானிதத்துக்குத் துணையாக வந்தவையே. அதற்கு மாற்றாக வந்தவையல்ல.

இவ்விரு வசனங்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு, இக்காலத்துப் பேரேடு ஒன்றை ஆராய விரும்புகிறோம். 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று இணையத்தில் வெளிவந்தது. வங்கி எதுவும் இடையில் நில்லாமல் இருவர் தமக்குள் மின்னணுப் பணம் செலுத்திக்கொள்ளும் முறையை அது வரைந்து காட்டியது. அம்முறையே பிட்காயின். அதன் அடித்தளம் பின்னர் பிளாக்செயின் என்று பெயர் பெற்றது. பேரேட்டின் பதிவுகள் அதில் கட்டுக் கட்டாகத் தொகுக்கப்படும். ஒவ்வொரு கட்டும் தனக்கு முந்திய கட்டின் கணித முத்திரையைத் தாங்கி நிற்கும். பழைய பதிவு ஒன்றில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அதன்பின் வந்த முத்திரைகள் யாவும் பொருந்தாமற்போய்த் திருத்தம் வெளிப்பட்டுவிடும். பேரேட்டின் படிகளோ உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும். எழுத்தர் இல்லை, பதிவாளர் இல்லை, நடுவர் இல்லை. எனவே எவரையும் நம்ப வேண்டியதில்லை என்பதே இம்மென்பொருளைப் புனைவோர் கொண்ட மெய்யியல்.

இந்நாணயத்தை வாங்குவது கூடுமா, கூடாதா என்று நம் ஆலிம்கள் நிறையவே ஆய்ந்துள்ளனர். ஆனால் அதனைப் புனைபவனின் பொறுப்பு யாது என்னும் வினா அதே அளவுக்கு எழுப்பப்படவில்லை. நாம் எடுத்துக்கொள்வது அவ்வினாவையே. நம் முடிவை முன்னரே சொல்லிவிடுகிறோம். எழுத்தர் மறைந்துவிடவில்லை. பேரேட்டின் முன்னிருந்து எழுந்து, பேரேட்டை இயக்கும் நிரலின் பின்னே போய் அமர்ந்திருக்கிறார். ஆயத்துத் தைன் எழுத்தர்மீது சுமத்திய கடமைகள் இன்று அவரைத் தேடிச் செல்கின்றன.

வேட்கையின் நியாயம்

குறை காணுமுன் நியாயத்தை ஒப்புக்கொள்ளுதல் அறம். பிட்காயின் பேரேட்டின் முதற்கட்டு 2009ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாளைத் தாங்கியது. வங்கிகளை அரசு இரண்டாம் முறை மீட்கவிருப்பதைப் பற்றிய அன்றைய இலண்டன் டைம்ஸ் நாளேட்டின் தலைப்புச் செய்தி அக்கட்டினுள்ளே பொறிக்கப்பட்டிருக்கிறது. வட்டியையும் கடனையும் அடுக்கடுக்காக விற்று உலகையே நெருக்கடியில் தள்ளிய வங்கிகள் பொதுப்பணத்தால் காப்பாற்றப்பட்ட காலம் அது.

வங்கியின் வாயிலில் நிற்பவனின் இயலாமை முஸ்லிம்களுக்குப் புதிதன்று. 2014ஆம் ஆண்டு இலண்டன் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலின் கணக்கை ஒரு பெரிய வங்கி மூடிவிட முடிவு செய்தது. அதே காலத்தில் வேறு முஸ்லிம் அமைப்புகளின் கணக்குகளும் மூடப்பட்டன. 2019இல் லெபனானின் வங்கிகள், மக்கள் தாம் சேர்த்துவைத்த பணத்தையே எடுக்கவிடாமல் கதவடைத்தன. இத்தகைய உலகில், எவருடைய அனுமதியையும் நாடாத பேரேடு ஒன்றை ஒருவன் கனவு கண்டால் அக்கனவை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. வட்டியைப் போர்ப்பிரகடனத்துக்குரிய குற்றமாக அறிந்த சமுதாயம் அக்கனவின் வேரையேனும் புரிந்துகொள்ள வேண்டும்.

மனிதரின் நற்குணத்தை மட்டும் நம்பாமல் ஏற்பாடு செய்துகொள்வதும் குற்றமன்று. சாட்சியும் அடைமானமும் அவ்வகை ஏற்பாடுகளே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். எனவே நம் கருத்து வேறுபாடு கட்டும் கயிற்றைப் பற்றியதன்று. கயிறு இருப்பதால் அமானிதமே தேவையில்லை என்னும் வாதத்தைப் பற்றியது.

நேர்மை என்னும் சொல்

நகமோட்டோவின் கட்டுரையைப் படிப்பவர் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பர். அது 'நேர்மை' என்னும் சொல். நேர்மையான கணினிகளின் கூட்டுத் திறன், தாக்குவோரின் திறனைவிட மிகுந்திருக்கும் வரை பேரேடு பாதுகாப்பானது என்பது கட்டுரையின் கணிதம். நம்பிக்கையை அகற்றப் புறப்பட்ட கட்டுரை, பெரும்பான்மையோர் நேர்மையாக இருப்பர் என்னும் எடுகோளின்மீது நிற்கிறது.

அந்நேர்மையின் பொருள் யாது? கட்டுரையின் ஆறாம் பகுதி இதற்கு விடை தருகிறது. பேராசை கொண்ட ஒருவனிடம் மற்றெல்லோரையும் விஞ்சிய கணினித் திறன் சேர்ந்தாலும், ஏமாற்றுவதைவிட விதிப்படி நடந்து புதிய நாணயங்களை ஈட்டுவதே அவனுக்கு ஆதாயமாக இருக்கும் என்கிறது அது. ஆக, இங்கு நேர்மை என்பது ஆதாயக் கணக்கின் விளைவு. ஆதாயம் திசை மாறினால் நேர்மையும் மாறும். பொறியியல் நோக்கில் இது கூர்மையான சிந்தனை என்பதில் ஐயமில்லை. ஆனால் இதற்கு நேர்மை என்று பெயரிடும்போது ஒரு சொல் தன் பொருளை இழக்கிறது. பூட்டுக்கு அஞ்சித் திருடாதவனை அமானிதம் பேணுபவன் என்று எவரும் அழைப்பதில்லை. இச்சொல்லைக் கேட்டு வளரும் இளம் மென்பொருளாளன், அறம் என்பது ஊக்கத்தொகைகளைச் சரியாக அடுக்குவதே என்று எண்ணத் தலைப்பட்டால் அது வியப்பன்று.

கட்டுரை பெருமையாகக் கூறும் மற்றொன்று, செலுத்திய பணத்தைத் திரும்பப் பெற இயலாமை. வங்கிவழிப் பரிமாற்றத்தை மாற்றியமைக்க முடிவதால்தான் விற்பவன் வாங்குபவனை ஐயுறுகிறான் என்பது அதன் வாதம். வாங்குபவனின் பாதுகாப்புக்கு இடையீட்டு வைப்பு முறைகளை எளிதில் அமைத்துக்கொள்ளலாம் என்று ஒரே வாக்கியத்தில் அது கடந்துவிடுகிறது. நம் ஃபிக்ஹு நூல்களோ வணிக இயலின் பெரும்பகுதியைத் திரும்பப் பெறுவதற்கே செலவிட்டிருக்கின்றன. குறை கண்டால் திருப்பும் உரிமை, நிபந்தனையிட்டுக்கொண்ட உரிமை, ஷாஃபிஈ மத்ஹபில் அமர்வு கலையும் வரை இருதரப்புக்கும் உள்ள உரிமை என்று கியார்கள் பல. விற்பனையை ரத்துச் செய்ய விரும்பும் மறுதரப்புக்கு இசைந்துகொடுக்கும் இகாலாவோ நன்மையாகப் போற்றப்படுகிறது. அவ்வாறு இசைந்தவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பதாக நபிமொழியில் நற்செய்தியும் வந்துள்ளது. மனிதன் தவறக்கூடியவன், மனம் மாறக்கூடியவன், ஏமாறக்கூடியவன் என்பது இவ்விதிகளின் முன்னறிவு. அதனை விலக்கிவிட்டு எழுதப்படும் மென்பொருள் தவறாத மனிதனுக்காக எழுதப்படுகிறது. அத்தகையவன் சந்தையில் இல்லை.

எழுத்தர் வெளிப்பட்ட நாட்கள்

மனிதத் தலையீடு அற்றது எனப்படும் பேரேட்டில் எழுத்தர் வெளிப்பட்ட நாட்கள் உண்டு. 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், நிரலில் இருந்த எண்கணிதப் பிழையைப் பயன்படுத்தி ஒருவர் 18,400 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயின்களை உருவாக்கிவிட்டார். மொத்தம் 2.1 கோடிக்கு மேல் உருவாகவே முடியாது என்பது அந்நாணயத்தின் விதி. சில மணி நேரத்தில் திருத்தப்பட்ட நிரலை நகமோட்டோ வெளியிட்டார். கணினிகளை இயக்குவோர் அதனை ஏற்றுக்கொள்ள, தவறான கட்டுகள் கைவிடப்பட்டுப் பேரேடு வேறு வழியில் தொடர்ந்தது. 2013 மார்ச்சில் மென்பொருளின் புதிய பதிப்பும் பழைய பதிப்பும் முரண்பட்டுப் பேரேடு இரண்டாகப் பிரிந்தபோது, மென்பொருளாளர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பெரிய சுரங்கக் குழுவினர் பழைய பதிப்புக்குத் திரும்பினர். இரு நிகழ்வுகளிலும் பேரேட்டைக் காத்தது கணிதம் மட்டுமன்று. தெரிந்த சிலர்மீது பலர் வைத்திருந்த நம்பிக்கையும் காத்தது.

2016ஆம் ஆண்டின் நிகழ்வு இன்னும் தெளிவானது. எத்தீரியம் என்னும் பிளாக்செயின், பணத்தை மட்டுமன்றி ஒப்பந்தங்களையே நிரலாக எழுதி இயக்க வல்லது. அதன்மீது 'தி டாவ்' என்னும் முதலீட்டு நிதியம் அமைக்கப்பட்டது. அதற்கு இயக்குநரும் இல்லை, மேலாளரும் இல்லை, நிரலே நிர்வாகம். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் நாணயத்தை அதில் இட்டனர். நிதியத்தைப் பற்றிய விளக்கவுரைகள் எதுவும் நிரலை மாற்றாது, நிரல் சொல்வதே ஒப்பந்தம் என்று அதன் விதிமுறைகள் அறிவித்திருந்தன.

அந்நிரலில் ஒரு குறை இருந்தது. பணம் கேட்பவருக்கு முதலில் பணத்தை அனுப்பிவிட்டு அதன்பிறகே அவருடைய இருப்பைக் கழித்தெழுதும்படி அது அமைந்திருந்தது. இருப்பு கழிபடுமுன் மீண்டும் மீண்டும் கேட்டால் மீண்டும் மீண்டும் பணம் வரும். சூன் 17ஆம் நாள் ஒருவர் அவ்வாறே கேட்டு ஏறத்தாழ 36 இலட்சம் ஈதரை வெளியேற்றினார். நிதியத்தின் அமைப்பை எச்சரித்து ஆய்வாளர்கள் மே மாதமே எழுதியிருந்தனர். இவ்வகைக் குறையும் சூன் மாதத் தொடக்கத்தில் பேசப்பட்டிருந்தது. தாக்குதலுக்கு ஐந்து நாட்கள் முன்புதான், நிதிக்கு ஆபத்தில்லை என்று நிரலை எழுதிய நிறுவனத்தின் தரப்பிலிருந்து அறிவிக்கப்பட்டது.

பின்பு நடந்தது சிந்தனைக்குரியது. நிரலே ஒப்பந்தமெனில், நிரல் அனுமதித்ததைச் செய்தவர் திருடரா? தாக்கியவர் பெயரில் வெளிவந்த திறந்த மடல் இதனையே கேட்டது. எத்தீரியத்தை உருவாக்கியோரும் பயனர்களில் பெரும்பகுதியினரும் சூலை 20ஆம் நாள் பேரேட்டின் விதியை மாற்றி, வெளியேறிய பணத்தை உரியவர்களுக்கு மீட்டளித்தனர். மாற்றத்தை ஏற்காதோர் பழைய பேரேட்டையே எத்தீரியம் கிளாசிக் என்னும் பெயரில் தொடர்ந்தனர். பணத்தை மீட்டது சரியே என்பது நம் நிலை. ஆயினும் அம்முடிவு நீதியுணர்வால் எடுக்கப்பட்டதே ஒழிய நிரலால் எடுக்கப்பட்டதன்று. நடுவர் இல்லை என்றவர்கள் தேவை வந்தபோது நடுவர்களாயினர். அந்நடுவர்களை முன்கூட்டி நியமித்தவரும் இல்லை, அவர்களுக்கான விதியும் இல்லை.

நிரலே சட்டமா?

'நிரலே சட்டம்' என்னும் முழக்கம் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக் 1999இல் வெளியிட்ட நூலால் பரவியது. அவர் அதனைப் பெருமையாகச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகச் சொன்னார். இணைய உலகில் சட்டத்தைப் போலவே நிரலும் மக்களைக் கட்டுப்படுத்துகிறது, ஆகவே அதனை எழுதுவோர் யார், எந்த விழுமியங்களை அதில் வைக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அவ்வினாவை அழித்துவிட்டு, எச்சரிக்கையை இலட்சியமாக்கிக்கொண்டனர் பின்வந்தோர்.

இவ்விவாதம் நமக்குப் புதிதன்று. ஒப்பந்தங்களில் கருத்திற்கொள்ள வேண்டியது சொல்லையும் வடிவையுமா, நோக்கத்தையும் பொருளையுமா என்பது ஃபுகஹாக்கள் நெடுங்காலம் வாதிட்ட செய்தி. உதுமானியரின் மஜல்லா சட்டத்தொகுப்பு அதன் மூன்றாம் விதியிலேயே நோக்கத்துக்கும் பொருளுக்கும் முதன்மை அளிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபினர் வாசகத்தின் வடிவுக்குக் கூடுதல் எடை தருவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களும் வாசகத்தைக் காழியின் முன்னிலையிலிருந்து அகற்றிவிடவில்லை. வாசகம் எவ்வளவு உறுதியாயினும் அதற்கு அப்பால் கேட்கும் செவி ஒன்று இருந்தது.

இதற்கு வக்ஃபைவிடச் சிறந்த சான்று இல்லை. வக்ஃபு பத்திரம் ஒருவகையில் மாற்றவொண்ணா நிரல். அர்ப்பணித்தவர் இறந்து நூற்றாண்டுகள் கழிந்தாலும் அவர் விதித்த நிபந்தனை நடக்க வேண்டும். அவருடைய நிபந்தனை ஷரீஅத்தின் மூலவாசகத்தை ஒத்தது என்று ஒரு விதியே வழங்குகிறது. எனினும் ஹனஃபீ அறிஞர் இப்னு நுஜைம் (ரஹ்) அந்நிபந்தனைகளை மீறத்தக்க இடங்களையும் எண்ணிக் காட்டுகிறார். முதவல்லியை நீக்கவே கூடாது என்று பத்திரம் சொன்னாலும், அவர் தகுதியற்றவராயின் காழி நீக்கலாம். ஓராண்டுக்கு மேல் வாடகைக்கு விடக்கூடாது என்றிருந்து, அந்நிபந்தனையின்படி எவரும் எடுக்க முன்வராவிட்டால் காழி கூடுதல் காலத்துக்கு இசையலாம். இறந்தவரின் சொல்லைக் காப்பதற்கும் இருப்பவரின் நலனைக் காப்பதற்கும் இடையே இவ்வாறு ஒரு வழி வகுக்கப்பட்டது. 'தி டாவ்' அமைத்தோர் பத்திரத்தை மட்டும் எழுதினர், காழியை எழுதவில்லை. காழி தேவைப்பட்ட நாளில் உரத்த குரல் உடையோர் காழிகளாயினர்.

இஸ்னாதும் தத்லீஸும்

சங்கிலி என்றதும் நம் நினைவுக்கு வருவது இஸ்னாது. நபிமொழிகளைக் காத்தது ஒரு தலைமைப்பீடமன்று. ஊர் ஊராகப் பரவியிருந்த முஹத்திஸ்கள் ஒருவர் அறிவிப்பை மற்றவர் அறிவிப்போடு ஒப்பிட்டுக் காத்தனர். மையமற்ற சரிபார்ப்புக்கு வரலாற்றில் இதனினும் பெரிய எடுத்துக்காட்டு அரிது. பிளாக்செயின் புனைவோர் பெருமைப்படும் பண்பு இங்கு முன்பே உண்டு. வேறுபாடு ஒன்றே. இஸ்னாது ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பெயரைக் கேட்கிறது. அவர் யார், நம்பகமானவரா, நினைவாற்றல் உடையவரா, தம் ஆசிரியரைச் சந்தித்தாரா என்று கேட்கிறது. அதாலத்தும் ளப்தும் இல்லாதவரின் கண்ணி சங்கிலியைத் தாங்காது. பிளாக்செயினோ பெயரைக் கேளாதிருப்பதையே தன் சிறப்பாகக் கொள்கிறது.

கணித நிரூபணத்துக்கு அறிவிப்பாளரின் ஒழுக்கம் தேவையில்லை என்று மறுமொழி வரக்கூடும். உண்மைதான். முத்திரைகள் பொருந்துகின்றனவா என்பதை எவரும் கணித்துப் பார்க்கலாம். நகமோட்டோ யாரென்று அறியாமலிருப்பதால் அக்கணக்கு பலவீனமாகிவிடாது. ஆனால் பயனர் நம்புவது முத்திரையை மட்டுமன்று. நிரலை மாற்றும் சாவிகள் யாரிடம் உள்ளன, எத்தனை பேர் கூடினால் பணம் வெளியேறும் என்பனவற்றையும் அவர் நம்பியாக வேண்டும். அங்கு கணிதம் முடிந்து ரிஜால் ஆய்வு தொடங்குகிறது.

2022 மார்ச் 23ஆம் நாள் நிகழ்ந்த ரோனின் கொள்ளை இதற்குச் சான்று. ஆக்ஸி இன்ஃபினிட்டி என்னும் இணைய விளையாட்டுக்காக அமைந்த அப்பிளாக்செயினில், பணத்தை வெளியேற்ற ஒன்பது சரிபார்ப்போரில் ஐவரின் ஒப்பம் போதும். அவ்வொன்பதில் நான்கு, விளையாட்டை நடத்திய ஸ்கை மேவிஸ் நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. ஐந்தாவது ஒப்பத்தை இடும் அனுமதியும் முந்திய ஆண்டு நவம்பரில் அந்நிறுவனத்துக்குத் தற்காலிகமாக வழங்கப்பட்டுத் திரும்பப் பெறப்படாமல் இருந்தது. ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்த திருடர்களுக்கு ஐந்து ஒப்பமும் கிடைத்தன. 60 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பணம் போயிற்று. ஆறு நாட்கள் எவரும் அதை அறியவில்லை. அவ்விளையாட்டை வருமானத்துக்காக ஆடியவர்களுள் பிலிப்பைன்ஸ் நாட்டின் எளிய மக்கள் பலர்.

சங்கிலியின் பலவீனமான கண்ணியை வெளிக்காட்டாமல், சங்கிலி முழுவதும் நல்லது போலத் தோன்றச் செய்வதை ஹதீஸ் கலையில் தத்லீஸ் என்பர். பொய் சொல்வது வேறு, தத்லீஸ் வேறு. தத்லீஸ் செய்பவரின் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கலாம்; கேட்பவர் மனத்தில் எழும் தோற்றம்தான் பொய். மையமற்றது என்று பெயர் பலகை வைத்துவிட்டு, சாவிகள் எத்தனை பேரிடம் உள்ளன என்பதை ஆவணங்களின் அடியில் புதைத்துவைப்பது தத்லீஸின் இனமே என்று நாம் கருதுகிறோம். ஷரீஅத்துக்கு உகந்தது என்னும் முத்திரையோடு வரும் நாணயங்களிடமும் முதலில் கேட்க வேண்டியது இதுவே.

கிணறு வெட்டியவன்

குறையுள்ள நிரலால் ஒருவர் பொருளிழந்தால் எழுதியவர்மீது ளமான், அதாவது ஈட்டுப் பொறுப்பு, உண்டா? ஃபுகஹாக்கள் நேரடியாகச் செய்பவனை முபாஷிர் என்றும், காரணமாக அமைபவனை முதஸப்பிப் என்றும் பிரிப்பர். அவர்கள் தரும் எடுத்துக்காட்டு கிணறு. பொதுப்பாதையில் அனுமதியின்றி ஒருவன் கிணறு வெட்ட, அதில் ஒரு பிராணி தானே விழுந்து இறந்தால் வெட்டியவன் ஈடு தர வேண்டும். வேறொருவன் அப்பிராணியை அதில் தள்ளிவிட்டால் பொறுப்பு தள்ளியவனுக்கு. தன் சொந்த நிலத்தில் வெட்டியிருந்தால் வெட்டியவன்மீது பொறுப்பில்லை.

இவ்வளவையில், பரிசோதனைக்காகத் தன் கணினியில் நிரல் எழுதி வைத்திருப்பவன் சொந்த நிலத்தில் வெட்டியவன். மக்களை அழைத்துப் பணம் இடச்செய்து நிரலை இயக்குபவன் பொதுப்பாதையில் வெட்டியவன். திருடன் தள்ளியவன், அவனே முதற் பொறுப்பாளி. ஆனால் திருடனே தேவைப்படாமல், தவறான முகவரிக்கு அனுப்பியோ நிரலின் குறையாலோ பணம் அழியும்போது, தள்ளியவன் அங்கு இல்லை. பாதையும் கிணறும் வெட்டியவனும் மட்டுமே இருக்கிறார்கள்.

பிட்காயின் உள்ளிட்ட திறந்த மென்பொருள்கள், எந்த உத்தரவாதமும் இல்லை, உள்ளபடியே ஏற்றுக்கொள்க என்னும் உரிம வாசகத்தோடு வெளிவருகின்றன. கைம்மாறு கருதாது ஆக்கி அளிப்பவருக்கு இவ்வாசகம் ஓரளவு நியாயமானதே. நன்மை செய்தோரை நொந்துகொள்ள வழியில்லை. ஆயினும் எல்லாக் குறைகளிலிருந்தும் விலகிக்கொள்ளும் நிபந்தனையை ஹனஃபீகள் பொதுவாக ஏற்க, ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து அதனை மிகவும் சுருக்குகிறது. பிராணியின் உள்ளே மறைந்திருந்து, விற்றவரும் அறியாத குறைக்கு மட்டுமே அவ்விலக்கு செல்லும் என்கிறது அது. அறிந்த குறையை மறைத்துவிட்டு விலகிக்கொள்ள இயலாது. எச்சரிக்கை கிடைத்தபின் ஆபத்தில்லை என்று அறிவிப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை வாசகர்களே அளந்துகொள்ளலாம். மக்களின் பொருளை வாங்கிப் பணிசெய்யும் கைவினைஞர்மீது ஈட்டுப் பொறுப்பைச் சுமத்திய அலீ (ரலி) அவர்கள், மக்களைச் சீராக வைக்க இதுவன்றி வேறு வழியில்லை என்று காரணம் கூறியதாக அறிவிக்கப்படுகிறது.

மேலைச் சட்டமும் இவ்வினாவின் வாயிலுக்கு வந்துள்ளது. பிட்காயின் மென்பொருளாளர்கள் உடைமையாளர்களுக்கு நம்பிக்கைப் பொறுப்பாளர்களாகக் கடமைப்பட்டவர்களா என்பது விசாரிக்கத்தக்க கேள்வியே என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் கூறியது. அவ்வழக்கைக் கொண்டுவந்த நிறுவனத்துக்குப் பின்னிருந்த கிரெய்க் ரைட் என்பவர் தாமே நகமோட்டோ எனக் கூறிவந்தவர். அக்கூற்று பொய்யென 2024இல் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மென்பொருளாளர் வழக்கு முழு விசாரணை இன்றியே முடிந்தது. ஆனால் வழக்கு தொடுத்தவரோடு கேள்வி அழிந்துவிடவில்லை. அக்கேள்விக்கு நம் மொழியில் அமானிதம் என்று பெயர்.

எழுத்தருக்கும் தீங்கிழைக்கலாகாது

ஆயத்துத் தைனின் இறுதிப்பகுதியில் எழுத்தரையும் சாட்சியையும் குறித்து 'யுளார்ர' என்னும் வினைச்சொல் வருகிறது. இரண்டு 'ரா' எழுத்துகள் இணைந்துவிட்டதால் அதன் மூலவடிவை இருவகையாகக் கொள்ள இடமுண்டு. எழுத்தர் தீங்கு செய்யலாகாது என்பது ஒரு பொருள். எழுத்தருக்குத் தீங்கு செய்யப்படலாகாது என்பது மற்றொன்று. தபரீ (ரஹ்) முதலிய விரிவுரையாளர்கள் இரண்டையும் பதிவுசெய்துள்ளனர். இதுகாறும் முதற்பொருளைப் பேசினோம். இரண்டாவதைப் பேசாமல் விடுவது நீதியாகாது.

டொர்னாடோ கேஷ் என்பது எத்தீரியத்தில் பணத்தின் தடத்தை மறைக்கும் மென்பொருள். தன் வரவு செலவை உலகம் முழுவதும் பார்ப்பதை விரும்பாத நல்லவருக்கும் அது பயன்பட்டது, கொள்ளையருக்கும் பயன்பட்டது. ரோனின் கொள்ளைக்குக் காரணமான வடகொரியக் குழு 45 கோடி டாலருக்கு மேல் அதன்வழிச் செலுத்தியதாக அமெரிக்கக் கருவூலம் அறிவித்து, 2022 ஆகஸ்டில் அதற்குத் தடை விதித்தது. மாற்றவொண்ணா நிரல் எவருடைய சொத்துமன்று, அதனைத் தடைசெய்யக் கருவூலத்துக்கு அதிகாரமில்லை என்று 2024 நவம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூற, 2025 மார்ச்சில் தடை நீக்கப்பட்டது. மறுபுறம், அதனை எழுதியவர்களுள் ஒருவருக்கு நெதர்லாந்து நீதிமன்றம் 2024 மே மாதத்தில் ஐந்தாண்டு நான்குமாதச் சிறை விதித்தது. மற்றொருவரை நியூயார்க் நடுவர் குழு 2025 ஆகஸ்டில் ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளியெனக் கண்டு, மற்ற இரண்டில் ஒருமித்த முடிவுக்கு வர இயலாது நின்றது.

இத்தடுமாற்றத்தில் உலகமே நிற்கும்போது, நம் ஃபிக்ஹின் ஒரு பழைய வினா உதவக்கூடும். திராட்சையை மது காய்ச்சுபவனுக்கு விற்பது பற்றிய ஷாஃபிஈ வினா அது. அவன் அவ்வாறு செய்வான் என்று அறிந்து விற்றால் ஹராம். ஐயம் மட்டும் இருந்தால் மக்ரூஹ். எதுவும் அறியாது சந்தையில் விற்பவன்மீது குற்றமில்லை. திராட்சையை எவரும் தடைசெய்யவில்லை. விற்றவன் என்ன அறிந்தான், அறிந்தபின் என்ன செய்தான் என்றே கேட்டனர். நிரலை எழுதியதற்காகவே ஒருவனைத் தண்டிப்பது எழுத்தருக்கு இழைக்கும் தீங்கு. அறிந்தபின்னும் கைகட்டி நின்று கட்டணம் பெற்றதற்காகக் கேள்வி கேட்பது தீங்கன்று.

நம் ஃபத்வாக்களின் நிலையைச் சொல்லி முடிக்கலாம். 2018 தொடக்கத்தில் எகிப்தின் பெருமுஃப்தி பிட்காயின் வணிகத்தைக் கூடாதென்றார். 2020இல் மலேசியப் பங்குச்சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு மின்னணுச் சொத்து வணிகத்தை நிபந்தனைகளோடு அனுமதித்தது. 2021 நவம்பரில் இந்தோனேசிய உலமா சபை, நாணயமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. மூன்றும் மதிப்புக்குரிய முயற்சிகள். மூன்றும் வாங்குபவனை நோக்கியவை. ஆனால் மென்பொருள் எழுதுவோர் நம் ஊர்களிலும் பலராயினர். நாளை ஃபத்வா கேட்டு வருபவன் நாணயத்தை வாங்கலாமா என்று மட்டும் கேட்கமாட்டான். அதனை எழுதலாமா என்றும் கேட்பான். அவனிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை உண்டு. உன் நிரலில் தவறியவன் திரும்பி வர வழி வைத்தாயா? வாசகத்தைப் படிக்க இயலாதவனுக்கு, அவ்வசனம் சொன்ன பொறுப்பாளரைப் போல எவரையேனும் அமைத்தாயா? சாவிகள் யாரிடம் உள்ளன என்பதைப் பெயர் பலகையிலேயே எழுதினாயா? குறையை அறிந்த நாளில் அறிவித்தாயா?

இவற்றுக்கு ஆம் என்பவன், தன் பேரேட்டில் எந்தப் பெயரும் இல்லாவிட்டாலும் அவ்வசனம் கூறும் நீதியான எழுத்தருள் ஒருவனாக இருக்கக்கூடும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.